வண்டியின் மிரரைத் திருப்பியது யார்

என் செல்ல மகளுக்கு, அண்ணன் போன பிறகு உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் சித்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் சித்தப்பா கண் எப்படி இருக்கிறது என்று மூன்று இடத்தில் கேட்டிருந்தாய். ஒரு தடவை கேட்டால் பாசம், மூன்று தடவை கேட்டால் யாரோ ஏதோ ஓதியிருக்கிறார்கள் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன். ஐஸ் ஃபாக்டரியில் வேலை எப்போதும்போலத்தான், நான் ஒரு நாள் லீவு போட்டால் தண்ணீர் உறைய மாட்டேன் என்கிறது.

முக்கியமான விஷயம் உன் மோட்டார் சைக்கிள். என்னை நம்பி நீ விட்டுப்போன வண்டி, என்னைத் தவிர ஈ கூட உட்காரக் கூடாது என்று வைத்திருந்தேன். ஃபாக்டரிக்கு நான் நடந்துதான் போகிறேன், நாலு மாதமாக வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் மிரர் இரண்டும் கீழே பார்த்துக்கொண்டிருக்கும். நான் என் உயரத்துக்குத் தூக்கி வைப்பேன், அடுத்த வெள்ளி மறுபடி இறங்கியிருக்கும். திருடன் குள்ளம் என்று முடிவு கட்டினேன். டயரில் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தேன், கோடு மேலே ஏறிவிட்டது. நான் மட்டும் போலீசில் சேர்ந்திருந்தால் இந்நேரம் ஊரில் திருட்டே இருந்திருக்காது. எதிர்வீட்டு மெக்கானிக் நட்டு மேல்தான் சந்தேகம், ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டான். நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணே, சத்தியமா உங்க வண்டியில நான் ஏறவே இல்லை" என்றான், சொன்ன கையோடு ஸ்பேனர் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டு சிரித்தான். சித்தியைக் கேட்டால் காற்றில் திரும்பியிருக்கும் என்கிறாள். வெள்ளிக்கிழமை பார்த்து அடிக்கிற காற்று எந்தக் காற்று? நீ அனுப்பிய தோல் கையுறையையும் அடுப்படிக்கு என்றாள். பாத்திரம் இறக்குகிற கையுறையில் விரல் முட்டிக்கு ரப்பர் எதற்கு என்று அன்றைக்கே யோசித்தேன்.

சரி, வண்டியை இரண்டு நாள் இந்தக் கும்பலிடமிருந்து நகர்த்துவோம் என்று சித்தியை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை கடலோர ரோட்டில் கலங்கரை விளக்கத்துக்குக் கிளம்பினேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர். வளைவு எண்பது இருக்கும், எல்லாவற்றையும் படுத்துப் படுத்து எடுத்தேன், கடற்பறவை இரண்டு கூடவே பறந்து பார்த்துவிட்டு முடியாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டன. ஆனால் பின்னால் இருந்தவள் சும்மா வரவில்லை, லாரி வருது, ஓரம் போங்க என்று தோளில் தட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இறக்கத்தில், மூணாவது கியருக்கு வாங்க என்றாள். கியர் கணக்கு இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வளைவுக்குப் போனேன், எதிர்வெயிலில் வெள்ளையடித்த சுவரை ரோட்டுக் கோடு என்று எடுத்துக்கொண்டு நேரே விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் பிடித்த பிரேக்கை வேறு எவனும் பிடித்திருக்க முடியாது. ஆனால் இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்தான்.

சித்தி கத்தவில்லை. இறங்கினாள், சாவியை உருவினாள், "இடது கண்ணு எத்தனை மாசமா தெரியலை?" என்றாள். எந்தக் கேள்விக்கும் என்னிடம் நாலு பதில் இருக்கும், உனக்குத் தெரியாததா, அன்றைக்கு ஒரே பதில்தான். எட்டு மாசம் என்றேன். "நீங்க வாசல் கேட்டுல ரெண்டாவது தடவை இடிச்சப்பவே தெரியும். சொன்னா கேக்கவா போறீங்க, அதான் நானே ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்து மாட்டினாள், முன்னால் உட்கார்ந்தாள், மிரர் இரண்டையும் கீழே இறக்கினாள். அதே அளவு, ஒரு நூல் பிசகவில்லை. நட்டு ஏறவில்லைதான், பக்கத்தில் ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நீ ஃபோனில் கியர் பாடம் நடத்தியிருக்கிறாய். கடைசியில் கும்பலுக்குத் தலைவி என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

கலங்கரை விளக்கம் வரை அவள்தான் ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்தால் கடல் பெரிதாகத் தெரிகிறது, வலது கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபாக்டரியில் அழுத்தம் காட்டுகிற சின்ன முள் வலது கண்ணுக்கும் பிடிபடாமல், அதன் அளவையும் இத்தனை மாதம் மெஷின் சத்தத்தை வைத்துத்தான் எழுதிவந்தேன், அதைத் திங்கட்கிழமை மேனேஜரிடம் நானே சொல்லிவிட்டேன். முள் பார்க்க வேறு ஆள் போட்டிருக்கிறார். தண்ணீர் உறையத்தான் செய்கிறது.

வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரி, சித்தி கூட்டிப்போகிறாள். டாக்டர் சொல்வதை ஒன்று விடாமல், ஒன்று கூட்டாமல் எழுதுகிறேன். நீயும் இனி எதையும் என்னிடம் மறைக்காதே. நேரத்துக்குத் தூங்கு, குளிரில் காதை மூடிக்கொள். நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. சித்தியிடம் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல், நான் சொன்னால் பொறாமை என்கிறாள்.

மிரர் கீழேதான் இருக்கிறது. நான் தொடவில்லை.

அன்புள்ள,
உன் சித்தப்பா