உங்கள் இலைக்கு வந்த ஆந்திரா சாப்பாடு

அக்கா,

சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவியாயிற்று. விரல் இடுக்கில் புளிச்சக்கீரை வாசம் இன்னும் போகவில்லை. பூண்டும் காய்ந்த மிளகாயும் நல்லெண்ணெயில் வதங்கிய வாசம் லேசில் போகாது என்று உங்களுக்கே தெரியும். இன்று மத்தியானம் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். பதினோரு வருஷப் பழக்கத்தில் உங்கள் வீட்டுக்குள் எனக்கு இலை போட்டது இன்றைக்குத்தான். அதுவும் நீங்கள் போய் ஒரு வருஷம் ஆன பிறகு, உங்கள் நினைவு நாளில். நீங்கள் இருந்திருந்தால் நடந்திருக்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

போன வாரம் உங்கள் மகன் பிரபு பெங்களூரிலிருந்து போன் செய்தான். படையல் போடப் போகிறானாம். மருமகளுக்கு இதெல்லாம் சமைக்க வராது, கடையில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறார்களாம். "அம்மாவுக்குப் புடிச்சதைத்தானுங்க ஆன்ட்டி வெக்கோணும். ஆந்திரா சாப்பாடுன்னா உசுரு அவங்களுக்கு. நல்லதா எங்க கெடைக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்," என்றான். எனக்கா தெரியாது? நானே சொல்லி நானே வாங்கி வருகிறேன் சாமி, நீ கவலைப்படாதே என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

எஸ்டேட் ஆபீசில் நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால், நான் ஆள் பேர் எழுதும் ரைட்டராக எதிர் மேஜையில். சனிக்கிழமை ஒரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் மளிகைக் கடையை விட்டு அசைய மாட்டார். என் வீட்டுக்காரர் கறி இல்லாத கடைக்குள் காலே வைக்க மாட்டார். ஆக நாம் இரண்டு பேர்தான். ஏரிப் பக்கம் மார்வாடி கடையில் பச்சை மிளகாய்ப் பொரியல், நேபாளத்துக்காரர் வண்டியில் முட்டைக்கோஸ் மோமோவும் அந்தச் சிவப்புச் சட்னியும். சில சனிக்கிழமை இருபது கொண்டை ஊசியும் இறங்கிச் சேலத்துக்கே போய்ப் பஞ்சாபிக் கடையில் உட்காருவோம். "காரம்னா காதுல பொகை வரோணும் கண்ணு," என்பீர்கள். வேர்த்து மூக்குத்தி மின்ன, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சட்னி கேட்பீர்கள். அந்த முகம் எனக்கு நொம்பப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிடிக்காததும் இருந்தது. எந்தக் கடையானாலும் முதல் கேள்வி கரண்டியைப் பற்றித்தான். கறி கிளறிய கரண்டியா, தனிக் கரண்டியா, காட்டு. அந்த நேபாளத்துக்காரரை மோமோ வேகும் பாத்திரத்தை அடுக்கடுக்காக எடுத்துக் காட்ட வைத்தீர்கள். பின்னால் பத்து பேர் நிற்கிறார்கள். அவர் சூட்டோடு சூடாக எடுத்துக் காட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு சிரித்தார். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

என் வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள் என்று கூப்பிட்டபோதெல்லாம் அதே கரண்டிதான் குறுக்கே வந்தது. "உங்க ஊட்டுச் சட்டியில கறி ஆக்குவீங்களே கண்ணு, எனக்கு ஒத்துக்காது," என்பீர்கள். நியாயம்தானே என்று நானும் விட்டுவிடுவேன். உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் வாசல் பக்கத்து அறையில் பேப்பர் கப்பில் காபி வரும். வேலைக்காரி வரவில்லை, பாத்திரம் கழுவ ஆளில்லை என்பீர்கள். பதினோரு வருஷமாகவா ஒருத்தி வேலைக்கு வராமல் இருப்பாள்?

பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மாடியில் அந்த ஆந்திரா மெஸ் வந்தது. சித்தூர்ப் பக்கத்துக்காரர் முதலாளி. மத்தியானம் சைவம், ராத்திரிக்குக் கறி. சட்டி ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். அது உங்களுக்கும் தெரியும். அங்கே மட்டும் நீங்கள் ஒரு நாளும் கரண்டியைக் கேட்கவில்லை. அவ்வளவு ருசி. முதலாளியின் சம்சாரத்துக்கு முட்டி வலி வந்து உட்கார்ந்துவிட, காய் நறுக்கிக்கொண்டிருந்த என் தங்கச்சி மல்லிகா அடுப்புக்கு வந்தாள். அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டு அந்த அம்மாவையே மிஞ்சிவிட்டாள். புளிச்சக்கீரைத் துவையலைச் சுடுசோற்றில் பிசைந்து முதல் வாய் வைத்ததும், "இந்தக் கைக்குத் தங்க வளையல் போடோணும்," என்றீர்கள். யார் சமையல்காரி, கூப்பிடுங்கள், பார்க்க வேண்டும் என்றும் கேட்டீர்கள். நான்தான் அவர்களுக்கு அடுப்பு வேலை இருக்கும் அக்கா, விடுங்கள் என்று பேச்சை மாற்றினேன்.

நாம் சாப்பிட வரும்போது அடுப்படித் திரையைத் தாண்டி வெளியே வராதே என்று மல்லிகாவிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நாலு வருஷம், ஒவ்வொரு சனிக்கிழமையும், கூடப் பிறந்தவள் திரைக்கு அந்தப் பக்கம் வேர்த்துக் கொட்ட ஆக்குவாள், நான் இந்தப் பக்கம் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் படி இறங்குவேன். தெரிந்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரியாதவள் எதற்கு மறைக்கப் போகிறாள்?

ஆனாலும் ஆசை விடவில்லை. மஞ்சக்குட்டையில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தபோது உங்களுக்காகவே முழுக்கச் சைவம் என்றேன். எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை. கெடா எங்கே, கெடா எங்கே என்று மாமன் மச்சானெல்லாம் என்னைக் கிண்டல் செய்தே தீர்த்தார்கள். சட்டி, கரண்டி, அண்டா எல்லாம் புதிது. மல்லிகா மெஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு விடிகாலையிலிருந்து ஆக்கினாள். நீங்கள் பிரபுவின் வண்டியில் வந்தீர்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். புதுப் பாத்திரத்தையெல்லாம் காட்டினேன், கை வைத்துக்கூடப் பார்த்தீர்கள். இலை போட்டதும், "வெள்ளிக்கிழமை விரதம் கண்ணு, பச்சத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். நம்பினேன். வெள்ளிக்கிழமை பார்த்து நாள் வைத்தது என் தப்பு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல மெஸ்ஸுக்குப் போனோம். பரிமாறுகிற மணியண்ணன் இலையில் பருப்புப் பொடியை வைத்துக்கொண்டே உங்களிடம் வாஞ்சையாகச் சொன்னார்: "நேத்து நீங்க தனியா வந்தப்ப கொழம்பு வாயில வெக்க முடியலைன்னு எந்திரிச்சுட்டீங்களே, மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க. சமையக்காரம்மா நேத்து லீவுங்க. இன்னைக்கு வந்திருச்சு, நல்லாச் சாப்புடுங்க."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நெய்யை எடுத்து ஊற்றிக்கொண்டீர்கள். என் வீட்டு வாசலிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். புதுச் சட்டியில் மல்லிகா ஆக்கியதை விட்டுவிட்டு, கறிச் சட்டியில் வேறு யாரோ ஆக்கியதைத் தின்ன வந்திருக்கிறீர்கள். அதில் மல்லிகாவின் கைப்பக்குவம் இல்லை என்று வேறு குறைப்பட்டிருக்கிறீர்கள்.

"அந்தச் சமையக்காரம்மா நேத்து எங்க ஊட்டுலதான் ஆக்குனா அக்கா," என்றேன். "நாலு வருசமா நீங்க இங்க சாப்புட்டதும் அவ ஆக்குனதுதான். எந் தங்கச்சி." சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பி, மல்லிகா, வெளியே வா என்று கூப்பிட்டேன்.

அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். தன்னைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு அம்மா இருக்கிறார்கள் என்று அவளுக்கும் காதில் விழுந்துதான் இருந்தது. நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தீர்கள். பிசைந்த சோற்றை அப்படியே இலையில் உதறிவிட்டு எழுந்து போய் நெடுநேரம் கை கழுவினீர்கள். மல்லிகா சிரித்த வாயை மூடத் தெரியாமல் நின்றாள்.

படி இறங்கும்போது உங்கள் குரலில் கோபமே இல்லை. "கடைன்னா யாரு ஆக்குனாங்கன்னு தெரியாது. அதனாலதான் கண்ணு நிம்மதியாச் சாப்புடறோம். இப்பத் தெரிய வெச்சுட்டியே," என்றீர்கள். நல்ல கடை ஒன்று போய்விட்டதே என்ற வருத்தம் மட்டும்தான் அதில் இருந்தது. அத்தனை வருஷமும் என்னைக் கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போனது ஏன் என்று அந்தப் படியில்தான் எனக்குப் புரிந்தது.

பத்து நாளில் மல்லிகாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டில் முடி கிடந்ததாம். நீங்கள்தான் போய்ச் சொன்னீர்கள் என்று மணியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தலையில் துண்டு கட்டாமல் அடுப்புப் பக்கமே போகாதவள் அவள். ஆபீசில் வந்து கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கெடந்துச்சு கண்ணு. நொம்ப நீளமா," என்றீர்கள். அதற்கு மேல் என்ன கேட்பது? கொஞ்ச நேரம் கழித்து, சனிக்கிழமை எங்கே போகலாம் என்றீர்கள். மார்வாடி கடைக்கு என்றேன்.

ஆமாம், வந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உங்களோடு வந்தேன், சாப்பிட்டேன், சிரித்தேன். வெட்கம் கெட்டவள் என்று மல்லிகா என்னைச் சொல்லியிருக்கலாம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நான் பாட்டுக்கு உள்ள ஆக்கிட்டிருந்தேன். என்னை எதுக்குக்கா வெளிய கூப்புட்ட?" உங்களை அடிக்க எனக்கு ஒரு கல் வேண்டியிருந்தது, அவள்தான் கைக்குக் கிடைத்தாள். உங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீசைப் பூட்டிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சாவியோடு நின்றேன் பாருங்கள், அப்போது வந்தது. அதற்காகவும் உங்களை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

மல்லிகா இப்போது வீட்டிலேயே சமைத்து ஹோம்ஸ்டேக்காரர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறாள். பிரபு போன் செய்ததும் அவளிடம்தான் போனேன். இன்னாருக்குப் படையல் என்றதும் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சா சாப்புடுவாங்களாக்கா?"

"கேக்கவா முடியும்?"

எப்போதும் கோழி ஆக்குகிற சட்டியிலேயே ஆக்கு என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் ஒப்பவில்லை. "செத்தவங்ககூட எதுக்குக்கா சண்டை," என்று என் வீட்டுப் பரணிலிருந்து அந்தப் புதுப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டு போனாள். உங்களுக்காக வாங்கி, உங்களுக்காக ஆக்கி, நீங்கள் தொடாமல் போனதிலிருந்து மேலேயே கிடந்தவை. இன்று காலையில் தலைக்குக் குளித்து, துண்டு கட்டி, உப்புக்கூட ருசி பார்க்காமல் ஆக்கினாள். கேரியரை என் வண்டியில் மாட்டிவிட்டு, காரம் கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருக்கிறேன், அவர்களுக்கு அப்படித்தானே பிடிக்கும் என்றாள். அவள் உங்களுக்குச் சமைத்தாள் அக்கா. நான்தான் உங்களைப் பழிவாங்கினேன்.

உங்கள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. பருப்புப் பொடி, நெய், புளிச்சக்கீரைத் துவையல், மிளகாய்ப் பச்சடி என்று எல்லாம் பிரபுவே பார்த்துப் பார்த்து வைத்தான். சூடம் காட்டி, மாடியில் காக்காய்க்கு வைத்தான். வராமல் போனால் என்ன செய்வது என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன், நீங்கள் செத்தும் அதே பிடிவாதத்தோடு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாமே. கூப்பிட்டு முடிக்கும் முன்பே ஒன்று வந்து உட்கார்ந்து, துவையல் பிசைந்த சோற்றில்தான் முதலில் வாய் வைத்தது. அம்மா வந்துவிட்டார்கள் என்று பிரபு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கீழே எனக்கும் உங்கள் சொந்தக்காரர்கள் வரிசையிலேயே இலை போட்டார்கள். உங்கள் நாத்தனார் இரண்டு தரம் சோறு வாங்கினார். யார் ஆக்கியது, இந்தக் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்றார். உங்கள் வார்த்தை அப்படியே. கடைச் சாப்பாடுதானுங்க என்றேன்.

கிளம்பும்போது பிரபு வாசல்வரை வந்தான். "இனி வருசா வருசம் இந்தக் கடையிலயே சொல்லிரலாங்க ஆன்ட்டி. நீங்களே பாத்துக்கோங்க," என்றான். சொல்லிரலாம் சாமி என்றேன். நல்ல பிள்ளை. யார் ஆக்கியது என்று அவனுக்குத் தெரியாது, உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆக்கியது மல்லிகா. இனி வருஷா வருஷமும் அவள்தான். எழுந்து போய்க் கை கழுவ முடியாத இடத்தில் இருக்கிறீர்கள் அக்கா. சாப்பிடுங்கள்.