பந்தல் கம்பமும் உங்கள் வலக் கண்ணும்

அண்ணே,

இன்று காலை பாடாங் செராய்க் கோயில் வாசலில் திருவிழாப் பந்தலுக்குக் குழி தோண்டினார்கள். ஈர மண் வாசனை வந்ததும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

பந்தல் என்றால் நீங்கள்தான். இடக் கண்ணை மூடிக்கொண்டு வலக் கண்ணால் கம்ப வரிசையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு" என்பீர்கள். ஒரு வருடம் ஒரே கம்பத்தை மறுபடி மறுபடி பிடுங்க வைத்தீர்கள். உங்கள் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது.

"கம்பம் நேராத்தான் நிக்குது மச்சான். கோணல் உங்க கண்ணுலதான் லா!"

எல்லாரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் கண்ணை மாற்றி மூடிப் பார்த்தீர்கள். இடக் கண்ணுக்குக் கம்பம் நேராகவே நின்றது. என்னைத் தனியே அழைத்து, "வாத்தியாரே, வலது கண்ணுல பார்த்தா உங்களுக்கு மூக்கே இல்ல" என்றீர்கள்.

சுங்கைப் பட்டாணியில் கண் டாக்டர் விளக்கினார். விழித்திரையின் இரத்த நாளம் ஒன்று அடைத்து, நீர் கசிந்து, கூர்ந்த பார்வைக்கான நடுப்பகுதி வீங்கியிருந்தது. எனக்கு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியுமா? "வாய்க்கால் அடைச்சா வயல்ல தண்ணி தேங்குமே, அப்படித்தான்" என்றேன்.

"அப்ப மண்வெட்டியோட வரச் சொல்லுங்க!" என்றீர்கள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

ஊசிகள் போட்டும் வீக்கம் வற்றவில்லை. அறுவை சிகிச்சை என்றதும் உங்கள் கேலி நின்றது. "பேத்தி முகம் நடுவுல வெறும் புகைதான் தெரியுது. உள்ளதும் போயிட்டா?" என்று கேட்டீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அறுவை முடிந்து கட்டைப் பிரித்தபோதும் புகைதான். அது மெல்ல மெல்லத்தான் விலகியது. சில மாதங்கள் கழித்து, கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த நீங்கள், இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தீர்கள்.

"வாத்தியாரே, மூக்கு வந்திருச்சு! ஆனா இவ்வளவு பெரிசா இருந்துச்சா?"

கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தீர்கள். அன்று மாலை பேத்தியை மடியில் வைத்து, புருவம், கண், பல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தீர்களாம்.

இப்போது யாராவது "கண்ணு மங்குது, வயசாச்சு" என்றால் நான் விடுவதில்லை. ஒரு கண்ணை மூடிப் பாருங்கள் என்கிறேன். போன மாதம் லூனாஸ் நண்பர் ஒருவர் அப்படிப் பார்த்துத் திடுக்கிட்டார். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நண்பர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அது உங்களுக்குச் சேர வேண்டியது, அண்ணே.