வெட்டிய தண்டில் பனிப்பூ

அன்பு மகள் ட்வைலாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். உன் அப்பா இருக்கிறார்.

குளிருக்குக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. பக்கத்து வீட்டு ஆர்வில்தான் விறகு பிளந்து தருகிறான். காபிக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. கன்சாஸ் சிட்டியில் உனக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, நல்லது.

நேற்று விடியலில் தோட்டத்து வேலியோரம் பனிப்பூ பூத்துவிட்டது. "முதல் பனிப்பூ பூக்கட்டும்ப்பா, ஓடி வந்துடறேன்" என்று வருடாவருடம் தொலைபேசியில் சொல்வாயே, அதேதான். போன குளிர்காலத்தில் அந்த மனுஷர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெயில் ஏறி எல்லாம் உருகிய பிறகும் சட்டையைக் கழற்ற விடவில்லை. அந்தக் கண்ராவியை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் இந்த முறை குளிர் வருவதற்கு முன்பே, தண்டில் பனிப்பூ உறையும் அந்த வேலியோரச் செடிகளை அரிவாளால் வெட்டித் தள்ளினேன். தண்டு இல்லாவிட்டால் பூ ஏது என்று நினைத்தேன்.

பாழாய்ப்போன வேர் சும்மா விடவில்லை. விரற்கடை அளவு நின்ற கட்டைகள் வெடித்து, உள்ளே இருந்த நீர் வெள்ளை நாடாவாகச் சுருண்டு வந்து உறைந்து கிடந்தது. அவர் கண்ணுக்கு என் முகம் தெரிவதில்லை. அந்த வெள்ளை மட்டும் தெரிந்துவிட்டது. "சட்டைய எடு, ட்வைலா வருவா" என்றார்.

சட்டையை மாட்டிவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்வாசல் வழியாகப் போய், நீ விட்டுப்போன நீலக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தேன். "அப்பா, வந்துட்டேன்" என்றேன். உன் குரல் எனக்கு வரும். என்னிடமிருந்துதானே எடுத்தாய்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சமையலறைப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மெல்லச் சொன்னார்: "நீ வரக் கூடாதுன்னுதான் உங்கம்மா செடிய வெட்டினா. சத்தம் கேட்டுச்சு, நான் ஒண்ணும் பேசல. அவ வாய்க்குப் பயந்துதானே நீ வர்றதில்ல? என்னையும் கூட்டிட்டுப் போயிடும்மா. இப்பவே, அவ வர்றதுக்குள்ள."

"பெட்டி கட்டிட்டு வர்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் குரலில்தான் சொன்னேன்.

நிஜமாகவே அவர் துணிமணிகளைக் கட்டிவிட்டேன். பெட்டி முன்வாசலில் இருக்கிறது. அவர் இன்னும் அந்தச் சட்டையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

கர்த்தர் உன் பயணத்தைக் காக்கட்டும், மகளே. வந்து கூட்டிக்கொண்டு போ. நான் சமையலறையில்தான் இருப்பேன். வாயே திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
லவோன்