பின்மண்டைக்கு ஆள் இல்லை

மார்ச் 3
சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காலையில் எங்கள் சலூனுக்குள் நுழைந்ததும், "என்னடா, அதுக்குள்ள வந்துட்டியா?" என்று தம்பியைக் கேட்டேன். கேட்டது கண்ணாடியை. அவன் என் பின்னால் நின்றிருந்தான். சிரிக்கவில்லை. இரட்டையாகப் பிறந்தும் சிரிப்பு எனக்கு மட்டும்தான் வந்தது போல.

மார்ச் 5
இரட்டையர்களைப் பற்றி மனோதத்துவ ஆராய்ச்சி செய்யும் பெண் வந்தாள். தனித்தனியாகப் பேட்டி. "உங்க தம்பி இல்லாம நீங்க யாரு சார்?" என்றாள்.

"பாதி விலை சரக்கும்மா!"

என்னைச் சீக்கிரமே விட்டுவிட்டாள். தம்பி உள்ளே போனவன் போனவன்தான். அவனுக்குப் பேசவே வராதே! எதற்கும் நான்தானே பதில் சொல்வேன்?

மார்ச் 6
அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டேன்.

"யார் என்னைக் கேட்டாலும் நீ பதில் சொல்ற. எனக்கு என்ன புடிக்கும்னு எனக்கே தெரியலடா. நாப்பத்தெட்டு வயசாச்சு. வேற கடைக்குப் போறேன்."

போ! போய்த் தொலை! எவ கொளுத்திப் போட்டான்னு தெரியாதா எனக்கு?

மார்ச் 7
போயே விட்டான். கத்தரிப்பெட்டியைக்கூட எடுக்கவில்லை. கொழுப்பு.

மார்ச் 9
ஆராய்ச்சிக்காரியைப் போனில் பிடித்தேன். "நல்லா இருந்த கடையை ரெண்டாக்கிட்டியேம்மா!"

"ரெட்டையா பொறந்தவங்கள்ல சிலருக்கு, 'நான்'னு தனியா ஒண்ணு உருவாக ரொம்ப நாள் ஆகுது சார். அவர் உங்களை வெறுக்கல."

அப்போ இத்தனை வருஷம் என்னோடு வாடகைக்கா இருந்தான்? சிலருக்கு என்றால் எனக்குமா? – கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13
"தம்பி எங்க?" வருகிறவனெல்லாம் இதே கேள்வி. எங்களில் யார் எவனென்று தெரியாமல் தலையைக் கொடுத்த பயல்கள்! இப்போது மட்டும் அவன் கை பொறுமையாம். நான் வாய் ஓயமாட்டேனாம். முன்னாடியே சொல்றதுக்கென்ன கேடு?

மார்ச் 16
ஞாயிறு. ஞாயிறென்றால் அவன் தலையை நான் வெட்டுவேன், என் தலையை அவன். வேறு எவன் கையிலும் கொடுத்ததில்லை. இரண்டு கண்ணாடி வைத்து நானே பின்மண்டையில் கை வைத்தேன். ஒரு பக்கம் மேடு. அதைச் சரிசெய்யப் போய்ப் பள்ளம். போடா, நீயும் உன் 'நானும்'! மெஷினைப் போட்டு மொத்தமாக வழித்துவிட்டேன்.

மார்ச் 19
தம்பி தொப்பியோடு வந்தான். "கத்தரிப்பெட்டி எடுக்க வந்தேன்."

திட்டச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். மொட்டை. ஞாயிறன்று அவனும் தானே வெட்டிப் பார்த்தானாம். இருவரும் சிரிக்கவில்லை.

எப்போதும் போல இரண்டு டீ சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"என்ன குடிக்கிற?"

ரொம்ப நேரம் யோசித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டம்!

"காபி," என்றான். இத்தனை வருஷமும் டீயைக் குடித்துத் தொலைத்திருக்கிறான்.

"அங்கேயேதான் வேலை பாக்கப்போறேன். முடி வளரட்டும், ஞாயித்துக்கிழமை வரேன். பின்னாடி நீ பாத்து விடு."

சரி என்றேன்.

அப்போது புதிதாக ஒருவர் முடி வெட்ட வந்தார். என் தலையைப் பார்த்தார். அவன் தலையைப் பார்த்தார். அவசரமில்லை, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.