நீலமாக வந்த உன் பாதம்

மாப்ள,

இன்று மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்தேன். அடியில் விரித்திருந்த காகிதத்தைத் திருப்பினால், உன் பாதப் படம். இரண்டு காலும் நீலமும் பச்சையுமாக, ஒரு குறையும் இல்லாதவன் கால் மாதிரி இருக்கிறது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உன்மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என்மேல்.

எங்கள் எலும்பு மருத்துவமனைக்கு அந்த ஸ்கேனர் வந்த புதிது. கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கண்ணாடிமேல் ஏறி நின்றால் போதும். பாதத்தில் எடை அழுந்தும் இடம் சிவப்பாகவும், லேசாகப் படும் இடம் பச்சையாகவும் நீலமாகவும் திரையில் தெரியும். சிவப்பு விழுந்த இடத்தில் செருப்பின் மெத்தையைக் குழித்துக் கொடுப்போம். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குப் புண் வராமல் காப்பது அந்தக் குழிதான். பல வருடச் சர்க்கரையோடு எழுமலையில் பருத்திக்காட்டை மிதித்துக்கொண்டிருந்த உன்னை நச்சரித்து வரவழைத்ததும் நான்தான்.

குழாயடியில் காலை மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாய். கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"பாத்து ஏறு மாப்ள. வெளிநாட்டுச் சாமான். கீறல் விழுந்துச்சுன்னா என் வேலை போயிரும்."

பாதி கேலி, பாதி பவிசு. நீ சிரிக்கவில்லை. "எம்புட்டு நேரம்டா நிக்கணும்?" என்று மட்டும் கேட்டாய். வயதானவர்கள் விழாமலிருக்க இருபக்கமும் கம்பி வைத்திருப்பார்கள். உன் கை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைத்தான் பார்த்தேன்.

அதற்குமுன் உன் இடது காலைத் தொட்டுப் பார்த்திருந்தேன். பெருவிரலுக்கு அடியில் புளியங்கொட்டை போலக் காய்த்திருந்தது. அழுத்தினால் உனக்குத் தெரியவில்லை. ஆனால் திரையில் அந்த இடம் நீலம். என் விரல் சொன்னதை விட்டுவிட்டுத் திரை சொன்னதை நம்பினேன். டாக்டரும் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்; உன் காலைப் பார்க்க மேசையைச் சுற்றி வரவில்லை. குழியில்லாத தட்டை மெத்தையோடு செருப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாய்.

இரண்டு மாதம் கழித்து உன் வீட்டிலிருந்து தங்கச்சி போன் செய்தது. "அண்ணே, புதுச் செருப்புல ரத்தம் ஒட்டியிருக்கு. கேட்டா வலிக்கவே இல்லங்கிறாரு." நீ வந்து சேர்ந்தபோது காய்ப்புக்கு அடியில் இருந்த சீழ் எலும்பைத் தொட்டிருந்தது.

அந்தப் பெருவிரலை வெட்டி எடுத்த மறுநாள் வார்டில் உன்மேல் பாய்ந்தேன். "மெசினு பொய் சொல்லாதுடா. நீ செருப்பு போடாமத்தான் திரிஞ்சிருக்க."

"போட்டுக்கிட்டுத்தான்டா திரிஞ்சேன்," என்றாய். அப்புறம் வெட்கப்படுகிறவன் போலச் சொன்னாய்: "அன்னைக்கு ரெண்டு கம்பியையும் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுல்ல நின்னேன். நான் தொண்ணூறு கிலோ. ஒங் கண்ணாடி ஒடஞ்சு, ஒனக்கு வேலை போச்சுன்னா?"

அடப்பாவி. அதை அன்றைக்கே சொல்லக் கூடாதா? லாரியைக்கூடத் தாங்கும் என்று நான் சொல்லியிருக்கக் கூடாதா? கிருமி ரத்தத்தில் ஏறி, ஒரு வாரத்தில் நீ போய்விட்டாய். டாக்டரிடம் கம்பி விஷயத்தைச் சொன்னேன். "படம் சரியாத்தானே இருந்துச்சு?" என்றார். படம் சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

இப்போதும் உன்னைப் போல ஆட்கள் வருகிறார்கள். காலைக் கழுவிவிட்டு, கண்ணாடியைக் கும்பிட்டுவிட்டு, நோகாமல் ஏறுகிறார்கள். நேற்று டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர், "ஒடஞ்சிராதுல்ல தம்பி?" என்று கேட்டார். அவரை ஓரமாக நிறுத்திவிட்டு நான் ஏறினேன். எல்லோருக்கும் முன்னால் அப்படித்தான் ஏறுகிறேன். இந்தத் தொந்தியோடு மூன்று தடவை தொம் தொம்மென்று குதித்துக் காட்டுவேன். அவர்கள் சிரிப்பார்கள். பிறகு கம்பியிலிருந்து அவர்கள் கைகளை நானே எடுத்துவிட்டு, என் தோளில் லேசாக வைத்துக்கொள்வேன். திரையை அப்புறம்தான் பார்ப்பேன்.

இத்தனை வருடமாகக் குதிக்கிறேன் மாப்ள. கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.