கம்பிப் பந்தல்

மதுரை,
14.9.2024

அன்புள்ள ஆஷ்லினுக்கு,

போதுமான அளவு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். நான் நலம் என்று எழுத வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதற்கு மேல் நலம் எதுவும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். உன் அம்மா சுகமா என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் என்னை வைத்திருக்கிறீர்கள்.

உன் பிரசவத்துக்கென்று மார்ச்சில் கனடா வந்தவள். ஐந்து மாதம் என்றாய். ஆகஸ்டில் கேட்டால் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். நானும் நம்பி, அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கொல்லையில் புடலைக்குப் பந்தல் போட்டேன். கீழக்குயில்குடியிலிருந்து முத்திருளன் மூங்கில் கொண்டுவந்து இறக்கினான். குழிக்குக் குழி நாலடி அளந்து, நூல் பிடித்து நட்டு, மேலே கட்டுக்கம்பியைக் கட்டம் கட்டமாக இழுத்து முறுக்கினேன். "சாரே, பிள்ளைகள அசெம்பிளிக்கு நிப்பாட்டுற மாதிரில்ல கம்ப நிப்பாட்டுறீக, கொடி உங்க விசிலுக்கெல்லாம் ஏறாது" என்று சிரித்தான். இருபத்தெட்டு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு அவன் பாடம் நடத்துகிறான்.

போன ஞாயிறு பூசை முடிந்து, செல்லூரிலிருந்து உன் சித்தி ரெஜினா வந்தாள். டிக்கெட் கதையை அவளிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் பந்தலையே பார்த்துக்கொண்டு, "மச்சான், டிக்கெட்டெல்லாம் கிடைக்குது. அக்காதான் வரலைங்குது" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் கேட்டேன். போன வருசம் அவ கட்டுனத அறுத்தீகளே, அத மறந்துட்டீகளா என்று கேட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறக்கவில்லை. முருங்கைக் கொம்பும் கருவேலங்கொம்பும் ஊன்றி, பழைய சேலையைக் கிழித்துத் திரித்து அவள் கட்டிய பந்தல் கோணல்மாணலாக இருந்தது. எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வருகிறார் என்பதற்காகப் பூவும் பிஞ்சுமாக இருந்த கொடியோடு சேர்த்து அறுத்துப் போட்டேன். அவள் பிஞ்சுகளைப் பொறுக்கிக் கூட்டு வைத்தாள். உப்பு குறைவு என்று சொன்னேன். இதற்கா ஒருத்தி கடல் கடந்து உட்கார்ந்துகொள்வாள் என்றுதான் இரண்டு நாள் பொருமினேன். இது ஒன்று மட்டும்தானா என்று நீ கேட்பாய். கேட்காதே.

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. கம்பியைத் தொட்ட இளஞ்சுருளெல்லாம் காய்ந்து கருகிவிட்டது. உலோகம் சூடேறும் என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். புதன்கிழமை கம்பியை முழுவதும் கழற்றினேன். கட்டுவதற்கு அவளுடைய பழைய சேலை ஒன்றை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தால், எது அவளுக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்டு என் வேட்டி இரண்டைக் கிழித்துத் திரித்தேன். கோணலாகத்தான் வந்திருக்கிறது. கொடி ஏறுகிறது.

உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அவள் வர விரும்பவில்லை என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்ல உன்னை நான் வளர்க்கவில்லை. அங்கே குளிர் ஆரம்பிக்கும், குழந்தையின் காதை மூடி வை. ஆண்டவர் அவனைக் காப்பார். மறக்காமல் இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடு. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை என்பதையும் சொல்.

உன் ரேங்க் கார்டு முதல் அவளுடைய விசாவுக்கான கடிதம் வரை என் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நகர்ந்ததில்லை. அந்த விசாக் கடிதத்தை எட்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன், வந்து கேட்டு நிற்கட்டும் என்று. அவளும் தினமும் வந்து நின்றாள். ஆகவே இதில் கையெழுத்துப் போடவில்லை. இப்படியே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.