நான் செய்த பேஸ் பெட்டி

3.9.95, ஞாயிறு

இரண்டு மாதமாக மொட்டைமாடியில் பலகை அறுத்து, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பொருத்தி, என் பேஸ் கிட்டாருக்கென்று நானே செய்த பெட்டி இன்றைக்குத்தான் மேடை ஏறியது. தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கிட்டாரைப் பெட்டியோடு இணைக்க ஒயரைக் கையில் எடுத்தபோது, எங்கள் பாட்டுக் குழுவை நடத்தும் சேகர் பக்கத்தில் வந்தான்.

"மச்சி, தப்பா எடுத்துக்காத. புது கீபோர்டுலயே பேஸும் வருதுடா. இனிமே நீ வாசிக்க வேணாம். பாக்ஸ் மட்டும் இருக்கட்டும், சவுண்டு இன்னும் நல்லா இருக்கும்."

அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். மானங்கெட்டவன் நான். ஆள் நிறைந்த மண்டபத்தில் என் பெட்டி எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒயரைக் கீபோர்டுக்கு நானே மாட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் கலா தூங்காமல் இருந்தாள். இரண்டு மாதமும் மரத்தூளைப் பெருக்கியவள் அவள்தான்.

"பெட்டி எப்படிங்க? கடைசி வரிசை வரைக்கும் கேட்டுதா?"

"நல்லா கேட்டுது" என்றேன்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லவில்லை.